அக்கா பேரனின் பைலட் லைசென்ஸ்

எங்கள் குடும்பத்தில் ரயில் ஓட்டியவர்கூடக் கிடையாது. சொல்தாவாகப் போய் இந்தோசீனாவைப் பார்த்துவிட்டு வந்த பெரியப்பா ஒருவர் உண்டு. அவரும் கப்பலில்தான் போனார், கப்பலில்தான் வந்தார். அப்படிப்பட்ட வீட்டில் என் அக்காவின் பேரன் விமானி ஆனபோது, தெருவில் இருந்த எல்லோருக்கும் அக்கா தன் கையால் லட்டு கொடுத்தாள்.

பையன் ஆறு வருஷம் இங்கே ஒரு கம்பெனியில் கோ-பைலட்டாக ஏர்பஸ் 320 ஓட்டினான். மூவாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்த கணக்கு அவன் லாக் புத்தகத்தில் இருக்கிறது. ஏ.டி.பி.எல். என்கிற மேல்நிலை லைசென்ஸும் வாங்கிவிட்டான். இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் காரைக்கால் பூர்வீகம், பிறந்து வளர்ந்தது பிரான்சில். நம் ஊரில் 'பிரெஞ்சு நாஷனாலிதே' உள்ள பெண் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜாதகத்துக்கு முன்னால் பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள். பாஸ்போர்ட் பார்த்தோம், பொருத்தம் பார்த்தோம், மண்டபம் பார்த்தோம். மாப்பிள்ளையின் லைசென்ஸ் அந்த ஊரில் செல்லுமா என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வானம் ஒன்றுதானே, இங்கே ஓட்டியவன் அங்கே ஓட்ட மாட்டானா என்றுதான் நானும் நினைத்தேன். நாற்பது வருஷம் அரசாங்க மேசையில் உட்கார்ந்தவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

விஷயம் இதுதான். 1944 டிசம்பர் 7-ஆம் தேதி சிகாகோவில் 52 நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. இந்தியாவும் அன்றைக்கே போட்டது, பிரான்சும் போட்டது. இன்று 193 நாடுகள் அதில் இருக்கின்றன. அந்த உடன்படிக்கையின் 32, 33-ஆம் பிரிவுகளைப் பையன் எனக்கு அனுப்பி வைத்தான். சட்ட வாசகம் படித்துப் பழகிய கண் என்பதால் இரண்டு முறை படித்ததும் புரிந்துவிட்டது. விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாடு கொடுத்த, அல்லது அந்த நாடு ஏற்றுக்கொண்ட லைசென்ஸ் விமானியிடம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், குறைந்தபட்சத் தரம் நிறைவேறியிருக்கும் பட்சத்தில், மற்ற நாடுகள் அதை மதிக்க வேண்டும்.

அதாவது 'வி.டி.' என்று எழுதிய இந்திய விமானத்தை இந்திய லைசென்ஸோடு பாரிஸ் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் இறக்கலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதே ஆள், அதே ஓடுபாதை, பக்கத்தில் நிற்கிற விமானத்தின் மேல் பிரான்சின் 'எஃப்' எழுத்து இருந்தால் அதை ஓட்ட முடியாது. இத்தனைக்கும் ஏர்பஸ் 320-ஐ துலூஸிலும் கோத்து அனுப்புகிறார்கள். துலூஸில் செய்ததைச் சென்னையில் ஓட்டலாம், துலூஸில் ஓட்டக் கூடாது.

நம் நாட்டில் லைசென்ஸ் கொடுக்கும் துறைக்குப் பெயர் டி.ஜி.சி.ஏ. பிரான்சில் டி.ஜி.ஏ.சி. இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். அந்த இரண்டு எழுத்தைத் தாண்டுவதற்குத்தான் பையனுக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது.

ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்கெல்லாம் பொதுவாக 'ஈயாசா' என்று ஓர் அமைப்பு விதிகளைப் பார்த்துக்கொள்கிறது. அந்த விதிப்படி, வெளிநாட்டில் ஏ.டி.பி.எல். வைத்திருப்பவர் படிப்பு முழுவதையும் ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி அவருடைய அனுபவத்தை எடைபோட்டு எவ்வளவு பயிற்சி போதும் என்று சொல்லும். ஆனால் எழுத்துத் தேர்வில் தள்ளுபடி கிடையாது. மொத்தம் 13 தாள். வான் சட்டம், வானிலை, வழி கண்டுபிடிப்பது, வானொலி வழிகாட்டிகள், விமானத்தின் எடை, அது எவ்வளவு தூரத்தில் எழும்பும், எவ்வளவு தூரத்தில் நிற்கும், மனித உடல் உயரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று போகிறது பட்டியல். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும், முதல் தாள் எழுதியதிலிருந்து 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அதன் பிறகு முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனை, அதையும் அவர்களுடைய விமான மருத்துவ மையத்தில்தான் செய்ய வேண்டும். கடைசியாகச் சிமுலேட்டரில் பறந்து காட்ட வேண்டும்.

இதில் எனக்கு ஒப்புதல் இல்லாதது எது, ஒப்புதல் உள்ளது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவப் பரிசோதனை நியாயம். சிமுலேட்டர் நியாயம். ஓர் ஆள் ஓட்டத் தெரிந்தவனா என்பதை ஓட்டச் சொல்லிப் பார்ப்பதைவிட நல்ல வழி கிடையாது. வான் சட்டத் தாளும் நியாயம்தான். ஊருக்கு ஊர் விதி மாறும். ஆனால் மழை மேகம் எப்படி உண்டாகிறது என்பதற்கு இந்தியப் பதில் ஒன்று, ஐரோப்பியப் பதில் ஒன்று என்று இருக்கிறதா? வங்காள விரிகுடாவில் நவம்பர் மாதத்து மேகங்களுக்கு நடுவே ஆறு வருஷம் போய் வந்தவனை உட்கார வைத்து, மேகம் எத்தனை வகை என்று கேட்பானேன்?

இதைப் போனில் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். பையன் சிரித்தான்.

"தாத்தா, அவங்க கேக்கிறதுல முழுசா தப்புன்னு சொல்ல முடியாது. அங்க நான் பரீட்சைக்குக் கேள்வி வங்கியை மனப்பாடம் பண்ணித்தான் எழுதினேன். இப்ப இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் சில விஷயம் உண்மையிலேயே புரியுது."

"அப்போ இங்க கேள்வி வங்கி இல்லையா?"

"இருக்கு தாத்தா. இது கொஞ்சம் பெரிசு."

அவன் பெருந்தன்மை அவனோடு. என் கருத்து மாறவில்லை. இது அறிவைச் சோதிக்கிற விஷயம் மட்டும் அல்ல, எல்லை விஷயம். அதற்குச் சாட்சி வேண்டுமானால் இங்கிலாந்தைப் பாருங்கள். அவர்கள் ஈயாசாவில் இருந்தவரை பிரிட்டிஷ் லைசென்ஸை வைத்துக்கொண்டு பிரெஞ்சு விமானத்தை ஓட்டலாம். 2020 டிசம்பர் 31 இரவோடு அது முடிந்தது. முன்யோசனை உள்ள பிரிட்டிஷ் விமானிகள் பலர் அதற்கு முன்பே தங்கள் லைசென்ஸை அயர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் மாற்றிக்கொண்டார்கள். அப்போது அவர்களுக்குத் தேர்வு எதுவும் கிடையாது. ஃபைல் போயிற்று, மருத்துவ ஃபைல் போயிற்று, புது லைசென்ஸ் வந்தது. ரேஷன் கார்டை ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மாற்றுவது மாதிரி. மாற்றிக்கொள்ளாமல் விட்டவர் வெளி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். டிசம்பர் 31 இரவு தெரிந்திருந்த வானிலைப் பாடம் ஜனவரி 1 காலையில் மறந்து போகுமா?

மாறாக ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இருக்கின்றன. 1990-களின் கடைசியிலேயே சட்டம் போட்டு, ஒரு நாட்டில் தொழில் செய்யத் தகுதி பெற்றவர் இன்னொரு நாட்டிலும் அதே தொழிலைச் செய்யலாம் என்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள். விமானி லைசென்ஸும் அதில் அடக்கம். விமானங்கள் அங்கே ஒழுங்காகத்தான் பறந்துகொண்டிருக்கின்றன.

உடனே ஒருவர் கேட்பார்: போலி லைசென்ஸ் வந்தால்? நல்ல கேள்வி, அதைத் தள்ள மாட்டேன். 2011-இல் நம் நாட்டிலேயே போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய விமானிகள் சிலர் கைதானார்கள். 2020 ஜூனில் பாகிஸ்தானின் விமானத்துறை அமைச்சர், தங்கள் நாட்டு விமானிகள் 262 பேருடைய லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார். அடுத்த சில நாட்களில், ஜூலை 1-ஆம் தேதி முதல், அந்த நாட்டு அரசு விமான நிறுவனம் ஐரோப்பாவுக்கு வரக் கூடாது என்று ஈயாசா நிறுத்தி வைத்தது. தடை நீங்க 2024 நவம்பர் கடைசி ஆயிற்று. பின்னால் இருநூறு உயிர் உட்கார்ந்திருக்கிற வண்டி அது. சந்தேகப்பட வேண்டியவர்கள் சந்தேகப்படத்தான் வேண்டும்.

ஆனால் போலியைப் பிடிக்கிறது எது? 13 தாளா? காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கத் துணிந்தவன் தாளுக்கும் ஒரு வழி கண்டுபிடிப்பான். போலியைப் பிடிப்பது ஒரு கடிதம். 'இந்த லைசென்ஸ் நீங்கள் கொடுத்ததுதானா?' என்று ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கேட்பது, 'ஆம், நாங்கள் கொடுத்ததுதான், இன்ன தேதி, இன்ன எண்' என்று அது பதில் எழுதுவது. இதுதான் உயிர்நாடி. எழுதியவர் கைக்குப் பத்து நிமிஷ வேலை.

பையனுக்குப் பரீட்சையைவிட இந்த மாதிரிக் காகிதங்கள்தான் அதிக நாள் எடுத்தன. லைசென்ஸ், பயிற்சிச் சான்று, பழைய வேலையில் பறந்த மணிக்கணக்கு, மருத்துவக் குறிப்பு, குடியிருப்பு என்று இரண்டு நாட்டிலுமாகப் பல இடங்களுக்கு அவன் எழுத வேண்டியிருந்தது. அதில் ஒரு பதில் ஏழு மாதம் வரவில்லை. எந்த இடம் என்று நான் எழுதப் போவதில்லை. வந்த பிறகும் செல்லவில்லை. காரணம், பெயர்.

நம் பெயர்க் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால். ஒரு சான்றில் இனிஷியல் பின்னால். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. பிரான்சில் மேரியில் கல்யாணத்தைப் பதிந்தபோது பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிவிட்டார்கள். ஆக அங்கே அவனுடைய குடும்பப் பெயர் அவன் அப்பா பெயர். பதிலாக வந்த காகிதத்தில் இருந்த ஆளுக்கோ குடும்பப் பெயர் ஒரே ஓர் எழுத்து. காகிதத்தின்படி இவர்கள் இரண்டு பேர். ஒருவன் விமானம் ஓட்டியிருக்கிறான், இன்னொருவன் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறான்.

1881-இல் நம் புதுச்சேரியில் தனிச் சட்டத்தை விட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குப் போன ரெனோன்சான்கள் எதற்குக் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு இப்போதுதான் மனதில் தைத்தது. 'நோம்' என்கிற கட்டத்தில் எழுத அவர்களுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. நூற்று நாற்பது வருஷம் கழித்தும் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பையனுக்கு என்னால் ஓர் உபகாரம் செய்ய முடிந்தது. தமிழன் பெயரில் இனிஷியல் என்றால் என்ன, அது ஏன் ஒரு காகிதத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் வரும் என்று பிரெஞ்சில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 1965-இல் பிரெவே எழுதிய பிரெஞ்சு, துருப்பிடித்திருந்தாலும் வேலை செய்தது. அதை ஆதாரமாக வைத்து முறைப்படி ஒரு உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்துகொண்டான்.

இதற்கிடையில் காலம் நின்றுகொண்டிருக்கவில்லை. பயணிகளோடு பறப்பதற்கு முந்தைய 90 நாளில் மூன்று முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அவன் ஒன்றரை வருஷமாக ஏறவே இல்லை. காகிதம் காத்திருக்கும், கை காத்திருக்காது. அந்தக் கையைத் திரும்பப் பழக்கச் சிமுலேட்டரில் மணிக்கணக்கில் பணம் கட்ட வேண்டும். பணத்துக்காக அவன் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கிடங்கில் ராத்திரி வேலை பார்த்தான். இதை அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. அவள் இதைப் படிக்க மாட்டாள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று என் மகள் கேட்டாள். இரண்டு காரணம்.

ஒன்று பழையது. 1962 ஆகஸ்ட் 16-இல் நாங்கள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தோம். நான் பிரெஞ்சில் படித்துக்கொண்டே இருந்தேன், பாக்கலொரேயா வரைக்கும் போனேன். குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பித்தபோது, 'எஸ்.எஸ்.எல்.சி. எங்கே?' என்றார்கள். இது அதற்கு மேல் சார் என்றேன். மேலோ கீழோ, சமம் என்று ஒரு காகிதம் வேண்டும் என்றார்கள். அந்தச் சமக் காகிதம் வர பதினொரு மாதம் ஆயிற்று. என்னோடு தேர்வு எழுதிய மூன்று பேர் அதற்குள் வேலையில் சேர்ந்து, கடைசிவரை எனக்கு சீனியராகவே இருந்து ஓய்வு பெற்றார்கள். அதில் ஒருவர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர். அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

இரண்டாவது காரணத்தை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

1983-இல் நான் ஒரு அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் இருந்தேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் சான்றிதழ் உண்மைதானா என்று கேட்டு வரும் கடிதங்களை, பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, நோட்டு எழுதி, மேலே வைக்க வேண்டும். ஒரு எலக்ட்ரீஷியன் பையனைப் பற்றிக் கடிதம் வந்தது. வளைகுடாவில் வேலை. பதிவேடு அடுத்த அறை பீரோவில் இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தட்டில் வைத்தேன். மறுநாள் தங்கை கல்யாண வேலை, லீவு. திரும்பி வந்தபோது அதன் மேல் ஒரு சாண் உயரத்துக்குத் தபால். நான் பதில் அனுப்பியபோது நாற்பது நாள் ஆகியிருந்தது.

அதற்கு அடுத்த வாரம் அந்தப் பையன் நேரில் வந்தான். வில்லியனூர்ப் பக்கம். சண்டை போடுவான் என்று நினைத்தேன். "இடம் போயிடுச்சு சார். அந்த அட்டெஸ்ட் பண்ண காப்பியை மட்டும் குடுத்துடுங்க. வேற எதுக்காவது ஆகும்" என்றான். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, நன்றி சார் என்றும் சொல்லிவிட்டுப் போனான். அந்த அலுவலகத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்பது நாள் தாமதம் என்பது அங்கே தாமதமே இல்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. லைசென்ஸ் கொடுக்கும் துறைகள் ஒன்றையொன்று நேராகக் கேட்டுக்கொள்ளட்டும். விண்ணப்பித்தவனைத் தபால்காரனாக அலைய விட வேண்டாம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒரு எண்ணைத் தட்டினால் இந்த லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று அடுத்த நாட்டு அதிகாரிக்குத் தெரிய வைக்க முடியாதா? பதிலுக்குப் பதினைந்து நாள் என்று கெடு வைத்து, கெடு தாண்டினால் யார் மேசையில் நிற்கிறது என்று விண்ணப்பித்தவனுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கட்டும். பெயரில் இனிஷியல் உள்ள நாடுகள் உலகத்தில் இருக்கின்றன என்பதைப் படிவம் தயாரிப்பவர்கள் ஒருமுறை யோசிக்கட்டும். தேர்வில், நாட்டுக்கு நாடு மாறுகிற பாடத்தை மட்டும் எழுதச் சொல்லி, மீதியைச் சிமுலேட்டரில் பார்த்துக்கொள்ளட்டும். முழுசாக வராது என்று பையன் சொல்கிறான். முதல் மூன்றாவது வரட்டும்.

பதிமூன்று தாளும் போன மாதம் முடிந்துவிட்டன. வானிலையில்தான் அவனுக்கு மார்க் குறைவு, 78. சிமுலேட்டர் தேர்வுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அக்கா மணக்குள விநாயகருக்கு 108 தேங்காய் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அங்கே அவன் பெண்டாட்டி பாரிஸ் மாணிக்க விநாயகருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். இங்கே வேண்டிக்கொண்டது அந்த நாட்டில் செல்லுமா என்று அக்காவைக் கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.